தனியுரிமைக் கைபேசியில் அன்றாடச் செயலிகள்

கொச்சி மெட்ரோ ரயிலின் முதற்பகுதி 2017 ஜூன் 17 அன்று ஆலுவாவிலிருந்து பாலாரிவட்டம் வரை இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று தடம் மகாராஜா கல்லூரி வரை நீட்டிக்கப்பட்டபோது கலூருக்கும் மெட்ரோ நிலையங்கள் கிடைத்தன. இன்று காலை வேளையில் கலூர் நிலையத்தின் படிக்கட்டருகே சிறிது நேரம் நிற்பவர் ஒன்றைக் காணலாம். பயணச்சீட்டு, வாடகைக் கார், மின்கட்டணம், வங்கிக் கணக்கு, மருத்துவரிடம் முன்பதிவு, பிள்ளையின் பள்ளிச் செய்தி ஆகிய அனைத்தும் ஒரே கருவியின் வழியே நடைபெறுகின்றன. பத்து ஆண்டுகளுக்கு முன் இவ்வொவ்வொன்றுக்கும் தனித்தனிச் சாளரம் இருந்தது. சாளரத்திற்குப் பின்னால் ஓர் ஊழியர் இருந்தார். இப்போது சாளரங்கள் செயலிகளாக மாறிவிட்டன.

இம்மாற்றத்தால் விளைந்த நன்மைகளைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் வினா குறுகியது. தம்முடைய நடமாட்டத்தையும் தொடர்புகளையும் எந்த நிறுவனத்திற்கும் ஓயாது தெரிவித்துக்கொண்டிராத ஒரு கைபேசியை ஒரு குடிமகன் விரும்பித் தேர்ந்தெடுக்கிறார் என்று கொள்வோம். அக்கைபேசியை வைத்துக்கொண்டு அவர் மேற்சொன்ன அன்றாடக் காரியங்களைச் செய்துகொள்ள இயலுமா? இயலாதெனில் தடை எங்கே இருக்கிறது? பலரும் இதைப் பொறியியல் வினா எனக் கருதுகின்றனர். பெரும்பகுதி பொருளாதார வினா என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

இயங்குதளமும் அதன் மேலடுக்கும்

நம் நாட்டிலுள்ள திறன்பேசிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை ஆண்ட்ராய்டு இயங்குதளத்தில் இயங்குகின்றன. 2008ஆம் ஆண்டு சந்தைக்கு வந்த இவ்வியங்குதளத்தின் அடித்தளம் திறந்த மூலநிரலாகும். எவரும் அதை எடுத்துத் திருத்தித் தமக்கேற்ற இயங்குதளம் ஒன்றை அமைத்துக்கொள்ளலாம். உரிமக் கட்டணம் கிடையாது.

ஆயினும் கடையில் வாங்கும் கைபேசியில் இருப்பது அந்த அடித்தளம் மட்டுமன்று. அதன்மேல் 'கூகுள் பிளே சர்வீசஸ்' என்னும் மற்றோர் அடுக்கு உள்ளது. இது திறந்த மூலநிரல் அல்ல. கைபேசி இருக்குமிடத்தை விரைந்து கணித்தல், வரைபடம் காட்டுதல், செயலிகளுக்கு அறிவிப்புகளைக் கொண்டு சேர்த்தல், கைபேசி 'சான்று பெற்றதா' எனச் சோதித்தல் முதலிய பணிகளை இவ்வடுக்கு செய்கிறது. இயங்குதளத்தின் உள்ளறைகளுக்கெல்லாம் செல்லும் சிறப்பு உரிமை இதற்கு உண்டு. பயனாளரால் அவ்வுரிமையை முழுமையாகத் திரும்பப் பெற முடியாது. செயலி எழுதுவோர்க்கு இது பெரும் வசதி. ஒவ்வொரு பணியையும் தாமே எழுதாமல் இவ்வடுக்கிடம் ஒப்படைத்துவிடுகின்றனர். இவ்வாறு ஒப்படைத்து ஒப்படைத்து, அடித்தளம் திறந்ததாயிருந்தும் அதன்மேல் நிற்கும் செயலிகள் மூடிய அடுக்கொன்றைச் சார்ந்து வாழத் தொடங்கின.

தனியுரிமையை முதன்மையாகக் கருதும் இயங்குதளங்கள் இவ்வடுக்கை நீக்கியோ கட்டுக்குள் வைத்தோ அமைக்கப்படுகின்றன. 2019இல் இப்பெயரைப் பெற்ற கிராஃபீன்ஓஎஸ் அவற்றுள் ஒன்று. பிரான்ஸ் நாட்டிலிருந்து வரும் இ-ஓஎஸ் மற்றொன்று. 2016 இறுதியில் தோன்றிய லினேஜ்ஓஎஸ் தனியுரிமைக்கென்றே எழுதப்பட்டதன்று. எனினும் கூகுள் அடுக்கின்றியே வெளிவருகிறது. கிராஃபீன்ஓஎஸ் 2025 வரை கூகுள் நிறுவனத்தின் பிக்சல் கைபேசிகளுக்கு மட்டுமே வெளியிடப்பட்டு வந்தது. கூகுளிடமிருந்து விலகி நிற்க விரும்புபவர் முதலில் கூகுளின் கைபேசியை, அதுவும் நம் நாட்டில் உயர்ந்த விலையில், வாங்கவேண்டியிருந்தது என்பது ஒரு வேடிக்கை. பாதுகாப்புச் சில்லு, பூட்டுத் திறந்து மீண்டும் பூட்டும் வசதி ஆகியவை அக்கைபேசிகளில் செவ்வனே அமைந்திருந்ததே அதற்குக் காரணம்.

செயலிகளின் நிலை

இத்தகைய கைபேசியில் செயலிகள் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதைக் காண்போம்.

சில செயலிகளுக்கு மேலடுக்கே தேவையில்லை. கணிப்பான், குறிப்பேடு, நூல் படிப்பான், இசைப்பான், உலாவி போன்றவை இவ்வகையின. எஃப்-டிராய்டு என்னும் அங்காடி 2010ஆம் ஆண்டு முதல் திறந்த மூலநிரல் செயலிகளை மட்டுமே வழங்கி வருகிறது. அதில் கணக்கு தொடங்கவும் வேண்டியதில்லை. வரைபடத்திற்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொதுத் தரவைக் கொண்டு இயங்கும் ஆர்கானிக் மேப்ஸ், ஓஎஸ்எம்அண்ட் ஆகியவை உள்ளன. கேரள மாநிலம் முழுவதையும் ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால், இணையத் தொடர்பின்றியே கலூரிலிருந்து மட்டாஞ்சேரிக்கு வழி காட்டும். போக்குவரத்து நெரிசலை மட்டும் சொல்லாது. நெரிசலைச் சொல்ல வேண்டுமாயின் பல்லாயிரம் பேர் தாம் இருக்குமிடத்தைத் தெரிவித்துக்கொண்டே இருக்கவேண்டும் அல்லவா? விசைப்பலகைக்கு, கேரளத்தின் சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவினர் உருவாக்கிய இண்டிக் கீபோர்டு உள்ளது. மலையாளத்துடன் தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளை அது ஏற்கிறது, மூலநிரலும் திறந்ததே. நாம் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் முதலில் காண்பது விசைப்பலகைச் செயலியே என்பதை எண்ணிப் பார்க்கும்போது இதன் முக்கியத்துவம் விளங்கும்.

அடுத்த வகைச் செயலிகள் திறக்கும். ஆனால் குறையுடன் நடக்கும். செய்தி வந்ததை அறிவிக்கும் மணியே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒவ்வொரு செயலியும் தன் தலைமைக் கணினியுடன் தனித்தனி இணைப்பை வைத்திருந்தால் மின்கலம் விரைவில் தீரும். ஆகவே எல்லாச் செயலிகளுக்கும் பொதுவான ஓர் இணைப்பைக் கூகுள் அடுக்கு வைத்துக்கொண்டு அறிவிப்புகளைப் பங்கிடுகிறது. பல வீடுகளுக்கு ஒரே தபால்காரர் என்பதைப் போன்ற சிக்கனம் இது. அத்தபால்காரர் இல்லாத கைபேசியில் சிக்னல் போன்ற செயலி தானே ஓர் இணைப்பைத் திறந்து வைத்துக்கொள்கிறது; மின்செலவு சற்றுக் கூடினாலும் செய்தி தவறுவதில்லை. அவ்வாறு எழுதப்படாத செயலியில், செயலியைத் திறந்து பார்த்தால்தான் செய்தி வந்தது தெரியும். வாட்ஸ்ஆப், சிக்னல் ஆகிய இரண்டும் தம் செயலிக் கோப்பைத் தம் தளத்திலேயே நேரடியாகத் தருவதால், கூகுள் அங்காடியில் கணக்கின்றியே அவற்றை நிறுவிக்கொள்ள முடிகிறது.

இக்குறைகளை நீக்க இரு வழிகள் கையாளப்படுகின்றன. மைக்ரோஜி என்னும் திட்டம் கூகுள் அடுக்கின் பணிகளுள் சிலவற்றைத் திறந்த மூலநிரலில் திரும்ப எழுதியுள்ளது. இ-ஓஎஸ் இவ்வழியைப் பின்பற்றுகிறது. கிராஃபீன்ஓஎஸ் வேறு வழியை மேற்கொண்டது. கூகுள் அடுக்கையே நிறுவிக்கொள்ள அது இடமளிக்கிறது; ஆனால் சிறப்பு உரிமை எதுவும் வழங்காமல், மற்ற சாதாரணச் செயலிகளைப் போலவே வேலிக்குள் நிறுத்துகிறது. வேண்டுமெனில் தனிப் பயனாளர் பகுதி ஒன்றில் அதை ஒதுக்கி வைத்துவிட்டு, தேவைப்படும்போது மட்டும் அப்பகுதிக்குச் சென்று வரலாம். வீட்டுச் சாவியைக் கையில் கொடுக்காமல், திண்ணையில் அமர வைத்து வேலை வாங்குவதற்கு இதை ஒப்பிடலாம். நடைமுறையில் பெரும்பாலான அன்றாடச் செயலிகள் இவ்வேற்பாட்டில் நன்றாகவே இயங்குகின்றன.

சான்றிதழ்ச் சிக்கல்

உண்மையான சிக்கல் மூன்றாம் வகையில்தான் எழுகிறது. வங்கிச் செயலிகள் சிலவும், அரசு மற்றும் தனியார் சேவைச் செயலிகள் சிலவும், தாம் நிறுவப்பட்டுள்ள கைபேசி நம்பத்தக்கதா எனத் தொடங்கும்போதே சோதிக்கின்றன. இச்சோதனையை அவை 'பிளே இண்டெக்ரிட்டி' என்னும் கூகுள் சேவையிடம் விடுகின்றன. அச்சேவை அடிப்படை, இடைநிலை, உயர்நிலை என மூன்று படிகளில் விடையளிக்கிறது. இடைநிலையில் தேற வேண்டுமாயின் கைபேசியின் இயங்குதளம் கூகுள் நிறுவனத்தால் சான்றளிக்கப்பட்டதாக இருத்தல் வேண்டும். தனியுரிமை இயங்குதளங்கள் அச்சான்று பெற்றவையல்ல. எனவே கிராஃபீன்ஓஎஸ் அடிப்படைப் படியில் தேறி இடைநிலையில் தோற்கிறது. இதற்கு மாறாக, பல ஆண்டுகளாகப் பாதுகாப்புத் திருத்தம் எதையும் பெறாத, ஆனால் விற்பனையின்போது சான்று பெற்ற பழைய கைபேசி இடைநிலையில் தேறிவிடக்கூடும். சோதிக்கப்படுவது பாதுகாப்பா, பிறப்புச் சான்றிதழா என்ற ஐயம் எழுவது இயல்பே.

இக்கட்டுரையாளர் கலூரில் பணியாற்றும் காலத்தில் இத்தகைய கைபேசி ஒன்றைப் பயன்படுத்தி வருகிறார். ஒரு வங்கியின் செயலி ஏறத்தாழ எட்டு மாதம் குறையின்றி இயங்கியது. ஒருநாள் புதுப்பித்தலுக்குப் பின், கைபேசி பாதுகாப்பற்றது என ஒரு வரியைக் காட்டிவிட்டு மூடிக்கொண்டது. கிளைக்குச் சென்று கேட்டபோது அலுவலர் மிக மரியாதையாகவே விடையளித்தார்: "உங்கள் போன் ரூட் செய்யப்பட்டிருக்கிறது சார்." உண்மையில் அது ரூட் செய்யப்படவில்லை. ஆனால் அவர் முன்னிருந்த திரையில் அவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டும் இடமே இல்லை.

இவ்வேறுபாட்டை மாணவர்கள் தெளிவாக உணர்ந்துகொள்வது நல்லது. ரூட் செய்தல் என்பது இயங்குதளத்தின் காவலைத் தளர்த்தி, செயலிகளுக்கு முழு அதிகாரம் கிடைக்குமாறு செய்வது. அத்தகைய கைபேசியில் தீய நிரல் ஒன்று வங்கிச் செயலியின் உள்ளே எட்டிப்பார்க்க இயலும். ஆகவே வங்கிகளின் அச்சம் நியாயமானது. மாற்று இயங்குதளத்தை நிறுவிய பின் பூட்டை மீண்டும் பூட்டி, ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் கையொப்பத்தைச் சரிபார்க்கும் கைபேசியோ காவல் தளர்ந்ததன்று. பாரத ரிசர்வ் வங்கி 2021 பிப்ரவரி 18 அன்று வெளியிட்ட டிஜிட்டல் பணப்பரிமாற்றப் பாதுகாப்பு நெறிமுறைகள், ரூட் செய்யப்பட்ட கைபேசியைக் கண்டறிந்து தடுக்கும் வாய்ப்பை ஆராயுமாறு வங்கிகளுக்குக் கூறுகின்றன. அதே நெறிமுறைகள், செயலி திரட்டும் தரவும் கேட்கும் அனுமதிகளும் மிகக் குறைவாக இருக்கவேண்டும் என்றும் கூறுகின்றன. முதற்கூற்றை நிறைவேற்ற ஆயத்தச் சேவை ஒன்று கடைச்சரக்காகக் கிடைப்பதால் அது உடனே நிறைவேறுகிறது. இரண்டாம் கூற்றுக்கு அத்தகைய கடைச்சரக்கு இல்லை.

வேறு சோதனை முறை இல்லாமலும் இல்லை. ஆண்ட்ராய்டு அடித்தளத்திலேயே, கைபேசியின் பாதுகாப்புச் சில்லு நேரடியாகச் சான்றளிக்கும் வசதி உள்ளது. எந்த இயங்குதளம், அதன் கையொப்பச் சாவி எது, கடைசித் திருத்தம் எப்போது என்பனவற்றை அச்சான்று தெரிவிக்கும். கிராஃபீன்ஓஎஸ் தன் சாவிகளின் அடையாளங்களை வெளியிட்டுள்ளது. அவற்றைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும் வங்கி, மூன்றாம் நிறுவனம் ஒன்றைக் கேட்காமலேயே கைபேசியை மதிப்பிடலாம். இதற்குச் சில நாள் வேலை தேவை. அவ்வேலையைச் செய்யத் தூண்டும் ஆதாயம் வங்கிக்கு இல்லை என்பதே இடர்.

இணைப்பு விற்பனை என்னும் பழைய பழக்கம்

புதிய எரிவாயு இணைப்பு கேட்டுச் சென்றவரிடம் அடுப்பையும் எங்களிடமே வாங்கவேண்டும் என்று வற்புறுத்தும் முகவர்களைப் பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். பொருளாதார நூல்கள் இதை இணைப்பு விற்பனை என்கின்றன. கைபேசி உற்பத்தியாளர் ஒருவருக்குக் கூகுள் அங்காடி வேண்டும். அது இல்லாத கைபேசியை எவரும் வாங்கமாட்டார். அங்காடியைப் பெற அதன் மற்றச் செயலிகளையும் முன்கூட்டியே நிறுவ ஒப்பவேண்டும். அதற்கும் முன்பாக, ஆண்ட்ராய்டிலிருந்து பிரிந்த கிளை இயங்குதளம் கொண்ட கைபேசிகளைத் தாம் செய்வதில்லை என்னும் ஒப்பந்தத்திலும் கையெழுத்திட வேண்டியிருந்தது. தனியுரிமை இயங்குதளங்கள் பெரிய தொழிற்சாலைகளின் வழியே சந்தைக்கு வராமல், ஆர்வலர்கள் தாமே நிறுவிக்கொள்ளும் பொருளாக நின்றுவிட்டதற்கு இவ்வொப்பந்தம் ஒரு முதன்மைக் காரணம் எனலாம்.

இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 20 அன்று அளித்த ஆணையில், கூகுள் தன் மேலாதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்தியது எனக் கண்டு ரூ. 1,337.76 கோடி தண்டம் விதித்தது. பணத்தைவிட ஆணையத்தின் நெறியுரைகளே நமக்கு முக்கியமானவை. கிளை இயங்குதளங்களைத் தடுக்கும் ஒப்பந்தம் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. பிளே சர்வீசஸின் இணைப்பு வாயில்களைப் பிறருக்கு மறுத்துப் பாதகம் விளைவிக்கலாகாது என்பது மற்றொன்று. 2023 மார்ச் 29 அன்று தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தண்டத்தை உறுதி செய்தது; நான்கு நெறியுரைகளை நீக்கியது. நீக்கப்பட்ட நான்கனுள் இணைப்பு வாயில்கள் பற்றிய நெறியுரையும் ஒன்று. இதற்கிடையே 2023 ஜனவரியில் கூகுள் நிறுவனம், இந்தியாவில் உற்பத்தியாளர்கள் செயலிகளைத் தனித்தனியே உரிமம் பெறவும், கிளை வடிவங்களை உருவாக்கவும் வழிசெய்யும் மாற்றங்களை அறிவித்தது. கிளை அமைக்கும் கதவு திறந்தது. கிளைமேல் அன்றாடச் செயலிகள் வந்து அமர்வதற்கான கதவு அவ்வாறு திறக்கவில்லை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய அனுபவமன்று. ஐரோப்பிய ஆணையம் இதே பொருளில் 2018 ஜூலை 18 அன்று 434 கோடி யூரோ தண்டம் விதித்தது. 2022இல் அங்குள்ள பொது நீதிமன்றம் அதை 412.5 கோடி யூரோவாகக் குறைத்தது. 2019 மே மாதம் அமெரிக்க அரசின் தடையால் ஹுவாவே நிறுவனம் தன் புதிய கைபேசிகளில் கூகுள் அடுக்கை இழந்தது. கருவி தரத்தில் குறைந்ததாகக் கூற முடியாது. எனினும் சீனாவுக்கு வெளியே அதன் விற்பனை சரிந்தது. பெருமுதலும் தொழிற்சாலையும் உள்ள நிறுவனத்துக்கே இக்கதி எனில், ஒரு சில பொறியாளர்களின் குழு எவ்வளவு தூரம் செல்லும்?

கொச்சி காட்டும் வேறு வழி

இங்கே கொச்சி நகரின் அனுபவம் கருதத்தக்கது. 2021 ஜூலையில் கொச்சித் திறந்த போக்குவரத்து வலைப்பின்னல் தொடங்கப்பட்டது. பெக்ன் என்னும் திறந்த நெறிமுறையின் அடிப்படையில் அது அமைந்தது. பயணி, ஓட்டுநர் ஆகிய இரு தரப்பாரும் ஒரே நிறுவனத்தின் செயலிக்குள் அடைபட வேண்டியதில்லை. நெறிமுறையைப் பேசும் எந்தச் செயலியும் வலைப்பின்னலில் சேரலாம் என்பது அதன் கருத்து. 'யாத்ரி' என்னும் வாடகைக் கார்ச் செயலி அதில் முதலில் சேர்ந்தது. பின்னர் பெங்களூரில் ஆட்டோ ஓட்டுநர்களிடையே பரவிய 'நம்ம யாத்ரி'யும் இதே நெறிமுறையில் எழுந்ததாகும்.

இத்தகைய வலைப்பின்னலில் தனியுரிமைக் கைபேசி வைத்திருப்பவர் ஒருவர், செயலி ஒன்று தம் கைபேசியை ஏற்காவிட்டாலும் அத்துடன் வழியற்றுப் போவதில்லை. வேறொருவர் எழுதும் செயலி, அல்லது உலாவியில் இயங்கும் பக்கம், அதே ஓட்டுநரை அழைத்து வரலாம். வலைப்பின்னலின் பயன் எத்தனைப் பேர் சேர்கிறார்களோ அதற்கேற்ப அமையும் என்பது உண்மையே. பெரிய தனியார் செயலிகளோடு போட்டியிடுவது எளிதன்று. ஆனால் அமைப்பின் வடிவம் சரியானது.

யூபிஐ இதற்கு மிகப் பெரிய எடுத்துக்காட்டு. 2016 ஏப்ரலில் இந்தியத் தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் அறிமுகம் செய்த இம்முறையில், 2025 ஆகஸ்ட் மாதம் ஒன்றில் மட்டும் 2,000 கோடிக்கு மேற்பட்ட பரிமாற்றங்கள் நிகழ்ந்தன. மட்டாஞ்சேரி பஜாரில் சுக்கும் மிளகும் விற்கும் கடையிலும் கியூஆர் குறி ஒட்டப்பட்டிருக்கிறது. ஒரு வங்கியில் கணக்கு வைத்திருப்பவர் அவ்வங்கியின் செயலியையே பயன்படுத்தவேண்டும் என்ற கட்டாயம் யூபிஐயில் இல்லை. முன்னர்க் கூறிய வங்கிச் செயலி மூடிக்கொண்ட அன்று மாலையே, இக்கட்டுரையாளர் அதே கணக்கை வேறொரு யூபிஐ செயலியில் இணைத்துக் கடைக்காரருக்குப் பணம் செலுத்த முடிந்தது. வைப்புத்தொகை விவரம் பார்ப்பதற்கு உலாவி வழியே இணைய வங்கிச் சேவை கைகொடுத்தது.

யூபிஐயில் அடையாளம் எவ்வாறு உறுதி செய்யப்படுகிறது என்பதையும் காண்க. பதிவின்போது கைபேசியிலுள்ள சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தி செல்கிறது. அதனால் எண்ணும் கருவியும் பிணைக்கப்படுகின்றன. அதன்பின் இரகசிய எண் கேட்கப்படுகிறது. இவ்விரண்டுக்கும் கூகுள் அடுக்கு தேவையில்லை. திறன்பேசியே இல்லாதவர்க்காக *99# சேவையும், 2022 மார்ச்சில் தொடங்கிய யூபிஐ 123பே சேவையும் உள்ளன. சாதாரணப் பொத்தான் கைபேசியை நம்பும் ஓர் அமைப்பு, கையொப்பம் சரிபார்க்கப்பட்ட இயங்குதளத்தை நம்ப மறுப்பதற்குக் காரணம் தேடுவது கடினம்.

சட்டமும் கருவியும்

உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தனியுரிமை அடிப்படை உரிமையே எனத் தீர்ப்பளித்தது. கலூரிலிருந்து சற்றுத் தொலைவில் எர்ணாகுளத்தில் அமைந்துள்ள கேரள உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பைக் கைபேசிக்கு மிக அருகில் கொண்டு வந்தது. விடுதியில் மாலை நேரத்தில் கைபேசியை ஒப்படைக்க மறுத்து வெளியேற்றப்பட்ட கல்லூரி மாணவி ஒருவரின் வழக்கில், இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையின் பகுதி, தனியுரிமையின் பகுதியும்கூட என்று 2019 செப்டம்பரில் அது கூறியது. 2020 ஏப்ரல் 24 அன்று, கொரோனா நோய்த்தொற்றுத் தரவுகளைப் பகுத்தாயும் பணியில் அமர்த்தப்பட்ட ஸ்பிரிங்ளர் என்னும் அமெரிக்க நிறுவனத்துக்கு அத்தரவுகளை ஆள் அடையாளம் நீக்கிய பின்னரே தரவேண்டும் என இடைக்கால ஆணையிட்டது. இவ்விரு ஆணைகளையும் சேர்த்துப் படிக்கும்போது, அணுகல் வேண்டுமா தனியுரிமை வேண்டுமா என்று குடிமகனைத் தேர்வு செய்யச் சொல்வது முறையாகாது என்பது புலனாகும்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவில் ஓர் எடுத்துக்காட்டு தரப்பட்டுள்ளது. தொலை மருத்துவச் செயலி ஒன்று சிகிச்சைக்காக விவரம் கேட்பதோடு தொடர்பு எண் பட்டியலையும் கேட்கிறது. பயனாளர் இரண்டுக்கும் ஒப்புதல் அளிக்கிறார். சிகிச்சைக்குத் தொடர்புப் பட்டியல் தேவையில்லையாதலால் அவ்வொப்புதல் சிகிச்சை விவரத்தோடு நின்றுவிடும் என்கிறது சட்டம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு அமைக்கப்பட்டுள்ளன.

சட்டம் சொல்லும் இதே எல்லையைக் கருவியே வகுத்துத் தர முடியும். கிராஃபீன்ஓஎஸ்ஸில் தொடர்புப் பட்டியலைக் கேட்கும் செயலிக்கு, பயனாளர் குறித்துக் காட்டும் ஓரிரு பெயர்களை மட்டுமே காட்டலாம். செயலியோ தனக்கு முழு அனுமதி கிடைத்ததாகவே எண்ணிக்கொண்டு இயங்கும். கோப்புகளுக்கும் இதே ஏற்பாடு உண்டு. ஒரு செயலிக்கு இணையத் தொடர்பையே மறுக்கவும் வசதி உள்ளது. கணிப்பானுக்கு இணையம் எதற்கு? மீறல் நிகழ்ந்த பின் முறையிட்டுத் தீர்வு பெறுவதினும், மீறலே நிகழாதவாறு அமைப்பது மலிவானது. முறையீட்டுக்கு ஆகும் காலமும் செலவும் சாதாரணப் பயனாளர்மீதே விழுகின்றன.

பாரோஸ் முயற்சி

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆதரவில் வளர்க்கப்பட்ட ஜேஅண்ட்கே ஆபரேஷன்ஸ் நிறுவனம் 2023 ஜனவரியில் 'பாரோஸ்' என்னும் கைபேசி இயங்குதளத்தை அறிமுகம் செய்தது. அம்மாதம் 24ஆம் நாள் மத்திய அமைச்சர்கள் இருவர் அதைச் சோதித்துப் பார்த்தனர். இதுவும் ஆண்ட்ராய்டின் திறந்த அடித்தளத்தில் எழுந்ததே. முன்நிறுவப்பட்ட செயலிகள் எவையும் இல்லாமை, ஒவ்வொரு நிறுவனமும் தான் ஆய்ந்து ஏற்ற செயலிகளை மட்டும் தனி அங்காடிகளின் வழியே பெறுதல் ஆகியவை இதன் சிறப்புகளாக எடுத்துக்காட்டப்பட்டன. இரகசியத் தகவல்களைக் கையாளும் அமைப்புகளை மனத்திற்கொண்டு இது வடிவமைக்கப்பட்டது.

அத்தகைய அமைப்புகளுக்கு இது பொருத்தமானது. அங்கே ஊழியருக்கு எச்செயலிகள் வேண்டும் என்பது முன்பே தெரியும், பட்டியல் சிறியது. கலூரிலுள்ள ஓர் ஆசிரியைக்கோ கடைக்காரருக்கோ அப்பட்டியல் மிக நீண்டது, நாள்தோறும் மாறுவது. அவர் கையில் உள்நாட்டு இயங்குதளம் ஒன்றைக் கொடுத்தாலும், அவருடைய வங்கிச் செயலி அயல்நாட்டு நிறுவனம் ஒன்றின் சான்றிதழைக் கேட்டுக்கொண்டிருக்கும் வரை அக்கைபேசி மேசை இழுப்பறையிலேயே கிடக்கும். நம் முயற்சிகள் இயங்குதளத்தை எழுதுவதில் காட்டும் ஊக்கத்தை, செயலிகளின் சார்பைக் குறைப்பதில் காட்டவில்லை என்றே கூறவேண்டும். முன்னதற்கு அறிமுக விழா உண்டு; பின்னதற்கு இல்லை.

அலுவலர்களின் கவனத்திற்கு

செயலி ஒன்றை உருவாக்க ஒப்பந்தப்புள்ளி கோரும் அலுவலர், இன்றைய நிலையில், எந்த இயங்குதளப் பதிப்பு முதல் அது இயங்கவேண்டும் என்று எழுதுகிறார். பிளே சர்வீசஸ் இல்லாத கைபேசியிலும் முதன்மைப் பணிகள் நடைபெறவேண்டும் என்று மேலும் ஒரு வரி எழுதுவதற்கு எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை. அவ்வரி இருந்தால், ஏற்புச் சோதனையின்போது அத்தகைய கைபேசி ஒன்றும் மேசைமீது வைக்கப்படும். வரைபடத்தை எங்கிருந்து பெறுவது, அறிவிப்பு வராதபோது குறுஞ்செய்தி அனுப்புவதா என்பன போன்றவற்றை எழுதுபவர் அப்போதே சிந்திப்பார். பின்னர்த் திருத்துவதற்கு ஆகும் செலவில் சிறு பகுதியே இதற்கு ஆகும். மின்னாளுமைக்கான திறந்த தரநிலைக் கொள்கை 2010ஆம் ஆண்டு முதலும், திறந்த மூலநிரல், திறந்த இணைப்பு வாயில்கள் ஆகியவற்றுக்கான கொள்கைகள் 2015ஆம் ஆண்டு முதலும் நம்மிடம் உள்ளன. கோப்பில் மேற்கோள் காட்டுவதற்கு இவை போதும்.

வழங்கும் இடமும் கருதத்தக்கது. கூகுள் அங்காடியில் மட்டுமே கிடைக்கும் அரசுச் செயலியைப் பெற, குடிமகன் முதலில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குத் தொடங்க வேண்டியிருக்கிறது. சி-டாக் நடத்தும் மொபைல் சேவா செயலி அங்காடியில் அதே கோப்பை ஏற்றிவைப்பது கூடுதல் செலவில்லாத பணி. ஏற்றினால் மட்டும் போதாது. ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும் அங்கும் புதுப்பிக்கவேண்டும். பழைய பதிப்பு கிடக்குமாயின் அது இல்லாததைவிடத் தீங்கானது.

உலாவி வழியை மூடாதிருத்தல் இன்னும் முக்கியம். டிஜிலாக்கரும் உமங்கும் செயலிகளாகவும் இணையப் பக்கங்களாகவும் இயங்குகின்றன. அதனால் எந்த இயங்குதளத்தாருக்கும் அவை கிட்டுகின்றன. செயலி வந்தவுடன் இணையப் பக்கத்தைக் கைவிடும் வழக்கம் சில துறைகளில் தலைகாட்டுகிறது. பராமரிப்புச் செலவு மிச்சம் எனக் குறிப்பெழுதப்படுகிறது. அம்மிச்சம் துறையின் கணக்கில் வரவாகத் தெரியும்; புதுக் கைபேசி வாங்க நேரும் முதியவரின் செலவு எக்கணக்கிலும் தெரியாது.

கலூர் நிலையத்தில் பயணச்சீட்டுக்கு வாட்ஸ்ஆப் வழியும் உண்டு, கைபேசிச் செயலியும் உண்டு, கொச்சி-1 அட்டையும் உண்டு. இவற்றுள் எதுவும் இல்லாதவர் சாளரத்தில் காசு கொடுத்தால், கியூஆர் குறி அச்சிட்ட காகிதச் சீட்டு கிடைக்கும். நுழைவாயிலிலுள்ள கருவி காகிதத்தையும் கைபேசித் திரையையும் ஒன்றுபோலவே படித்துக் கதவைத் திறக்கிறது.